ஓர் ஆளுக்கு ஓர் அங்குலம்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி வீட்டின் கொல்லைப் பாதையில் அம்மா வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்தது.

2. நான் கட்டடப் பொறியியலில் டிப்ளமா வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

3. வீட்டை ஒட்டியே ஒரு கக்கூஸ் கட்டுவது என்று முடிவாயிற்று. வரைபடம் நான், மேற்பார்வை அப்பா.

4. அதற்காகப் பூமிக்கு அடியில் ஒரு செப்டிக் டாங்க் கட்டினோம். நன்றாகவே கட்டினோம்.

5. அதைத் தொடங்கி வைக்க நல்ல நாள் பார்த்துச் சொல்லும்படி ஒரு நிபுணரைக் கேட்டோம்.

6. தொட்டி மிதந்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த வாரம். போன வாரம் பாலிடெக்னிக் விடுதியின் இரும்புக் கட்டிலில் என்னை உட்கார வைத்துவிட்டு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து பெட்டியும் டி-ஸ்கொயருமாகக் கிளம்பி வீடு வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

காகம் உட்கார்ந்த இடம்

ஆடி அமாவாசை. நான்கு நாள் விடாமல் பெய்த மழை அன்று காலையில்தான் கொஞ்சம் மூச்சு வாங்கியது. பல்பொடியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு பின்வாசல் படியில் நின்றேன்.

கொல்லை முழுவதும் தண்ணீர். அமாவாசைக்குக் காயலில் கடல் ஓதம் ஏறும். மழையும் அதனோடு சேர்ந்துகொண்டால் எங்கள் தெருத் தண்ணீருக்குப் போக இடமிருக்காது. அப்படியே நிற்கும். பக்கத்துக் கிடங்கின் நனைந்த கயிற்று வாசனை அதன் மேல் ஆடை மாதிரி படிந்திருக்கும்.

அந்தத் தண்ணீருக்கு நடுவே ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்த இடத்தில் உட்காரும்படியாக எதுவும் இருக்கக்கூடாது. அங்கே இருப்பது நான் வரைந்து, நான் கம்பி கட்டச் சொல்லி, நான் மூடி போடச் சொன்ன தொட்டி. மூடியின் மேல்மட்டம் தரைமட்டத்தோடு சரி என்று என் வரைபடத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. காகமோ தரைக்கு மேல் ஓர் அடிக்கும் கூடுதலான உயரத்தில் சௌகரியமாக இறகு கோதிக்கொண்டிருந்தது.

பல் தேய்க்காமல் உள்ளே ஓடினேன். கூடத்தில் அப்பா தர்ப்பணம் பண்ணிக்கொண்டிருந்தார். எதிரே எங்கள் குடும்பப் புரோகிதர், சாஸ்திரிகள், மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். எள்ளும் ஜலமும் விடும் நேரத்தில் கூப்பிடக் கூடாது. வாசற்படியில் நின்று காத்திருந்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்து, புருவத்தைத் தூக்கி, என்ன என்றார். நான் கையைத் தரைக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக மேலே உயர்த்திக் காட்டினேன்.

பால் பொங்குகிறது என்று நினைத்துக்கொண்டு, அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு அவர் அடுத்த தலைமுறைக்கு எள் விட்டார்.

முப்பத்திரண்டு எட்டு

எங்கள் வீடு ஒரு காலத்தில் இஞ்சி வியாபாரியின் கிடங்காக இருந்தது. மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும்போது இன்றைக்கும் சுக்குக் கஷாயம் மணக்கும். அதனால் இந்த வீட்டில் யாருக்கும் சளி பிடித்ததில்லை என்று அப்பா வருகிறவர்களிடம் சொல்வார். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

கிடங்கில் கக்கூஸ் இருக்காது. பிறகு குடிவந்தவர்கள் கொல்லையின் கடைக்கோடியில் தகரக் கூரை போட்டு ஒன்று வைத்தார்கள். பின்வாசலிலிருந்து முப்பத்திரண்டு எட்டு. அது என் எட்டு. அம்மாவுக்கு நாற்பது. பாதை வெட்டுகல் என்கிற செம்பாறைக் கல், அதன் மேல் பாசி.

தினமும் காலையில் பின்சந்து வழியாக ஒரு பெண் வந்து கக்கூஸ் வாளியை எடுத்துப் போவார். அவர் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை. செய்ததையெல்லாம் பட்டியல் போடுகிறவள் செய்யாததற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முந்தின வருஷ மழையில்தான் அம்மா அந்தப் பாதையில் விழுந்தாள். மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் கால் பழைய கால் ஆகவில்லை. ஒரு கம்பை ஊன்றி நடந்தாள். வீட்டில் ஒரே ஒரு வழக்கம் மட்டும் புதிதாக வந்தது. மத்தியானம் மூன்று மணி ஆனால் குடிதண்ணீர்ப் பானையின் மூடி மேல் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடமும் நேரமும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்த மழை வலுப்பதற்குள் அம்மாவுக்கு வீட்டோடு ஒட்டின கக்கூஸ். இதுதான் திட்டம். இதைவிடச் சுருக்கமாக ஒரு திட்டத்தை எழுத முடியாது.

இரண்டு பத்திகள்

அப்பா கயிறு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வேலைக்கு வெளியாளைக் கூப்பிடுவதை அவர் தோல்வியாகக் கருதுவார். கூரைத் தகரத்தின் மழைநீர்த் தாரையை ஒருமுறை தாமே சரி செய்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அடுக்களைக்குள் நேராகத் தண்ணீர் வரும் முதல் வீடு எங்களுடையதாயிற்று.

"ஆத்துல ஒரு இஞ்சினியர் இருக்கறச்சே வெளியாள் எதுக்கு?" என்றார்.

"டிப்ளமாதான், அப்பா."

"கக்கூஸும் சின்னதுதானே?"

நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுக்கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்தேன். இடப்பக்கம் 'நாமே'. வலப்பக்கம் 'ஆள்'. மொத்தம் நாற்பத்தோரு வேலைகள். எங்களால் முடியுமா, முடியாமல் போனால் திருத்த முடியுமா என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேட்டுப் பிரித்தேன். முதலில் இடம் பத்தொன்பது, வலம் இருபத்திரண்டு என்று இருந்தது. தினமும் சாயங்காலம் அப்பா பென்சிலால் வலத்திலிருந்து இடத்துக்கு ஓர் அம்புக்குறி போடுவார். ஒரு மாதத்தில் வலப்பக்கம் கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது. கொத்து வேலைக்கு மட்டும் கண்ணன் மேஸ்திரி நின்றார்.

தொட்டியின் வடிவமைப்பை இடப்பக்கம் போட்டது அப்பா இல்லை. நான்தான். ஒன்பதாவது வரி. அம்புக்குறி தேவைப்படவில்லை.

கண்ணன் மேஸ்திரி நாகர்கோவில் பக்கத்துக்காரர். மட்டாஞ்சேரிக்கு வந்து பல வருஷம் ஆகியும் பேச்சு ஊரை விடவில்லை. என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா, வெட்டுகல்லு வச்சு நல்ல தடியா கெட்டிருவோம். அது பாட்டுக்குக் கெடக்கும்."

"வேண்டாம், அண்ணே. நாலங்குலக் காங்கிரீட் போதும். உள்ள கம்பி போட்டா கல்லைவிட பலம்."

"நான் பலத்துக்குச் சொல்லல. கனத்துக்குல்லா சொல்லுதேன்."

பலத்தைக் கணக்குப் போடத் தெரியாதவர்கள்தான் கனத்தை நம்புவார்கள் என்று எனக்கு அப்போது ஓர் எண்ணம். 'மேஸ்திரி ஆட்சேபம்: நிராகரிக்கப்பட்டது' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கோடையில் தண்ணீர் கீழே இறங்கியிருந்தபோது குழி தோண்டி, தொட்டியை வார்த்து முடித்து, மூடி போடும் வரை மழை விழாமல் மேலே தகரப் பந்தல் போட்டோம். வைகாசிக் கடைசியில் முதல் மழை பெய்தது. தொட்டியைச் சுற்றி மண் சொதசொதவென்று ஆயிற்று. நான் ஏணி வைத்து உள்ளே இறங்கிச் சுவரைத் தடவினேன். கையில் தூசி ஒட்டியது. வெளியே ஈரம், உள்ளே தூசி. அப்பா தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு துளி இறங்கவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

தண்ணீர் உள்ளே வராத, கனமில்லாத, காலியான ஒரு பெட்டியைத் தண்ணீரில் வைத்தால் என்ன செய்யும்? இதே கணக்குக்கு நான் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவள். ஆனால் எங்கள் புத்தகத்தில் அது கப்பலைப் பற்றிய கணக்கு.

சாஸ்திரத்தில் இல்லாத அறை

என் பட்டியலின் இருபத்து மூன்றாவது வரி இது: 'மூடி போட்ட அன்றே தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும்.' தண்ணீர் இருந்தால்தான் உள்ளே கிருமிகள் பெருகி வேலை செய்யும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. வேறு காரணம் எதுவும் போட்டிருக்கவில்லை.

எறணாகுளத்திலிருந்து கக்கூஸ் பீங்கான் வந்து சேரத் தாமதமாயிற்று. அறை, கதவு, குழாய் எல்லாம் முடிந்து மூடி போடும்போது ஆனி கடைசி வாரம். நான் வாளியைத் தூக்கினேன். அப்பா தடுத்தார்.

"தண்ணி விட்டா ஆரம்பிச்ச மாதிரி. நாள் பாக்காம எப்படி?"

நாற்பத்திரண்டாவது வேலையாக 'நாள் பார்த்தல்' என்று அவரே எழுதினார். நேராக வலப்பக்கத்தில். "இதெல்லாம் நமக்குத் தெரியாத விஷயம் கேட்டியா, ஜானு. தெரிஞ்சவாகிட்டதான் விடணும்" என்றார். வெளியாள் வேண்டும் என்று அப்பா தாமாக ஒப்புக்கொண்ட ஒரே வேலை அதுதான்.

சாஸ்திரிகள் வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்தார், மூடினார்.

"இதுக்கு எதுக்கு ஓய் முகூர்த்தம்? கிரகத்துக்குப் பிரவேசம் உண்டு. இங்க பிரவேசிக்கறவா எல்லாரும் வெளியில வரதுக்குன்னா அவசரப்படுவா?"

"இருந்தாலும் ஒரு சுபகாரியம்..."

"எது சுபம்? சாஸ்திரப்படி இது ஆத்துக்கு வெளியில, எட்டத்துல இருக்கணும். நீர் உள்ள கொண்டு வந்திருக்கீர். இதுக்கு நாள்னு ஒண்ணு எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை."

"நாளே இல்லைங்கறேளா, எந்த நாளும் ஆகும்ங்கறேளா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் சாஸ்திரிகள், காப்பியை வாங்கிக்கொண்டே.

அப்பாவுக்கு இரண்டும் ஒன்றாகப் படவில்லை. ராத்திரி முழுக்க யோசித்திருக்க வேண்டும். காலையில் முடிவு சொன்னார். நாள் இல்லாத காரியத்தை, கெட்ட மாசத்திலாவது ஆரம்பிக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. ஆடி போகட்டும். ஆவணி ஒன்றாந்தேதி, சிங்க மாசம் பிறக்கிறது, மலையாளத்தாருக்கும் நல்ல நாள், அன்றைக்குத் தண்ணீர் விடலாம்.

நான் ஆட்சேபிக்கவில்லை. ஐந்து வாரத்தில் என்ன ஆகிவிடும், கிருமிகள் காத்திருக்கும் என்று நினைத்தேன். காலியான தொட்டிக்கு மூடி போட்டு, மழைக்காலத்தை அதன் மேல் விட்டோம்.

அம்மா கம்பை எடுத்துக்கொண்டு தகரக் கூரைக்கு நடந்தாள். நாற்பது எட்டு.

பதினைந்து பேர்

அமாவாசைக் காலைக்குத் திரும்பி வருகிறேன். தர்ப்பணம் முடிந்து அப்பா, சாஸ்திரிகள், நான் மூவரும் பின்வாசலில் நின்றோம். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால்.

காகம் போய்விட்டிருந்தது. தொட்டி போகவில்லை. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இறங்கி, ஸ்கேல் வைத்து அளந்தேன். பதினைந்து அங்குலம். கொஞ்சம் கிழக்கே சாய்ந்திருந்தது. கக்கூஸிலிருந்து தொட்டிக்குப் போகிற குழாய் மூட்டு விட்டு, வாயை எங்களை நோக்கிச் சாய்த்துக்கொண்டிருந்தது. இனி நாங்கள் எதை அனுப்பினாலும் திருப்பி அனுப்பும்.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் சாஸ்திரிகள்.

"என்ன சொன்னேள்?"

"சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னேனே."

முதலில் ஆட்டுக்கல்லை உருட்டி ஏற்றினோம். அது அசைந்ததாகத் தெரியவில்லை. நான் நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீரின் எடை. விடை அழகாக வந்தது.

"ஓர் ஆள் ஏறி நின்னா ஓர் அங்குலம் இறங்கும், அப்பா."

"அப்படின்னா பதினஞ்சு பேர்" என்றார் அப்பா உடனே. அவர் முகம் தெளிந்துவிட்டது. ஆட்களை எண்ணும் காரியம் அவருக்குக் கம்பெனியிலேயே பழக்கம். "தம்பி ஆத்துல அஞ்சு. சேர்லாயிலேருந்து சித்தப்பா பிள்ளைகள் மூணு. நாம மூணு. சாஸ்திரிகளே, உங்காத்துல?"

"நாலு. ஆனா எங்காத்து மாமி ரெண்டு அங்குலம்."

சரிபார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்பாவைத் தொட்டி மேல் ஏறச் சொன்னேன். ஒற்றை ஆளுக்கு ஸ்கேலில் சரியாகத் தெரியவில்லை. சாஸ்திரிகளையும் ஏறச் சொன்னேன்.

அவர் இரண்டடி பின்வாங்கினார். "நான் ஸ்நானம் பண்ணி மடியா நிக்கறேன். கக்கூஸ் மேல ஏறச் சொல்றாளே உம்ம பொண்ணு!"

"இதுவா கக்கூஸ்?" என்றார் அப்பா. "இன்னும் ஆரம்பமே ஆகலையே! நாள் இல்லைன்னு நீங்கதானே சொன்னேள்? இப்போதைக்கு இது வெறும் காங்கிரீட்."

சாஸ்திரிகள் அப்பாவின் கையைப் பிடித்தார். ஏறினார். தூறல் ஆரம்பித்தது. ஒரே குடையின் கீழ், பஞ்சகச்சத்தோடு, தோளில் கை போட்டுக்கொண்டு இரண்டு பெரியவர்கள் என் தொட்டியின் மேல் நின்றார்கள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். யார் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவருகிலிருந்து அம்மா கேட்டாள். "நின்னா இறங்கும். சரி. அப்புறம் எல்லாரும் இறங்கினா?"

"மறுபடி ஏறும்" என்றேன்.

"அப்ப எத்தனை நாழி நிக்கணும்?"

அப்பா குடைக்கடியில் யோசித்தார். "ஆவணி ஒண்ணாந்தேதி வரைக்கும்" என்றார்.

இதில் யாரும் சிரிக்கவில்லை. அப்பா நிஜமாகவே முறை வைத்து ஆள் மாற்றுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கவலை வேறு. கணக்குப்படி இரண்டு ஆளுக்கு இரண்டு அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். முக்கால் அங்குலம்தான் இறங்கியிருந்தது. கணக்கை மூன்று முறை போட்டேன். கணக்கு சரி. தொட்டி தப்பு. நோட்டில் முதல் தடவையாக 'தெரியவில்லை' என்று எழுதினேன். ஒன்பதாவது வரியிலிருந்து வலப்பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டேன். அந்த நோட்டில் இடமிருந்து வலம் போகும் ஒரே அம்புக்குறி அதுதான்.

வலப்பக்கத்தில் யார் பெயரை எழுதுவது என்று தெரியவில்லை. மிதக்கிற செப்டிக் டாங்குக்கு நிபுணர் யார்?

கும்பளங்கி மூப்பன்

கண்ணன் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "கனத்துக்குச் சொன்னேன் பாப்பா" என்றார். அதற்கு மேல் குத்திக் காட்டவில்லை. "கெட்டுதது எனக்குத் தெரியும். முக்குதது தெரியாது. கும்பளங்கில ஒரு மூப்பன் உண்டும். கூட்டிட்டு வாரேன்."

மூன்றாம் நாள் மத்தியானம் காயலோரக் கும்பளங்கியிலிருந்து பத்ரோஸ் மூப்பன் வந்தார். இறால் வளர்க்கும் நீர்வயல்களில் தண்ணீரை விடவும் தடுக்கவும் வரப்பில் மரத் தூம்புகள் வைப்பார்கள். ஓர் ஆள் உயர மரப்பெட்டியைச் சேற்றுக்குள் ஆட்டம் இல்லாமல் இறக்குவதுதான் அவர் தொழில். நான்கு மூங்கிலும் இரண்டு ஆட்களுமாக வந்தார். காலில் செருப்பில்லை. கொல்லைத் தண்ணீரில் நேராக இறங்கி நடந்தார். தொட்டி மூடியை நெம்பித் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவினார்.

"இதாரு உண்டாக்கியது?"

"நான்தான்" என்றேன்.

கையைத் திருப்பிக் காட்டினார். உலர்ந்த தூசி. "மோளே, அகத்து ஒரு துள்ளி வெள்ளமில்லா. நல்ல வள்ளம்!" அவர் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர், வள்ளம் என்றால் படகு. அவர் கேலி செய்யவில்லை. நல்ல படகு என்று ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு அன்றுவரை கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது. அது தப்பான பொருளுக்குக் கிடைத்திருந்தது.

என் முக்கால் அங்குலக் கணக்கைச் சொன்னேன். அவர் மூங்கிலைத் தொட்டியின் ஓரமாகச் செருகி, அடியில் துழாவிவிட்டு, ஒரே வரியில் தீர்த்தார்.

"அடியில் சேறு கேறிப்போயி. இனி ஆளு நின்னால் போரா."

தொட்டி எழும்பியபோது அடியில் உண்டான இடத்தில் சேறு புகுந்துவிட்டது. அது வெளியேறாமல் தொட்டி இறங்காது. பதினைந்து பேர் ஆவணி வரை நின்றிருந்தாலும் இறங்கியிருக்காது. தொட்டிக்குள் தண்ணீரை விட்டுக்கொண்டே, நாலு பக்கமும் மூங்கில் கொடுத்துத் தொட்டில் மாதிரி ஆட்டி ஆட்டிச் சேற்றைப் பிதுக்க வேண்டும். கொல்லையில் நிற்கிற தண்ணீரையே வாளியால் மொண்டு உள்ளே விட்டால் போதும்.

"தண்ணியா?" என்றார் அப்பா. "ஆவணி பொறக்கட்டும்."

மூப்பனுக்குப் புரியவில்லை. நான் ஆடி மாசத்தையும் நாள் பார்த்ததையும் விளக்கினேன். அவர் ஆடியின் மலையாளப் பெயரால் கர்க்கடகம் என்று சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சாமீ, மழை நல்ல நாள் நோக்கியா பெய்யுன்னது? இன்னும் ரெண்டு ஓதம் கேறியால் இது வேலி சாடிக் காயலில் போகும்."

"அவாவாளுக்கு அவாவா வழக்கம், மூப்பா. இன்னும் ரெண்டரை வாரம்தானே? கயிறு போட்டுக் கட்டி வைக்க முடியுமா பாரு."

மூப்பன் கயிறுக்காகச் சுற்றிலும் பார்த்தார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். தொட்டியை மரத்தில் கட்டுவதற்கு எத்தனை பிரி கயிறு வேண்டும் என்று என் மூளை கணக்குப் போட ஆரம்பித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் பின்வாசலில் நின்ற அம்மா பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏன்னா, ரெண்டரை வாரம் நான் தண்ணி குடிக்காம இருக்கணுமா?"

"உன்னை யாரு குடிக்க வேண்டாம்னா?"

"குடிச்சா அங்க போகணும்." தகரக் கூரையைக் காட்டினாள். "இருட்டினப்புறம் அந்தப் பாசியில நடக்க எனக்குப் பயம். மூணு மணிக்கு மேல நான் தண்ணி குடிச்சது போன வருஷத்து மழைக்கு முன்னால. உங்க ரெண்டு பேர் கண்லயும் படலை. போட்டும். இன்னும் ரெண்டரை வாரம்னு நீங்க சொல்றச்சே எனக்கு நாக்கு ஒட்டிக்கறது."

நான் அடுக்களைக்குள் திரும்பிப் பார்த்தேன். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பானை மூடி மேல் சொம்பு கவிழ்ந்திருந்தது. நாற்பத்தோரு வரி எழுதியவள் நான். தினமும் அந்தச் சொம்பைப் பார்த்து, என்ன ஒழுங்கு என்று மெச்சியவளும் நான்.

அம்மா உள்ளே போனாள். கம்பு டக் டக் என்றது. சொம்பை நிமிர்த்தி, பானையில் மொண்டு, பின்வாசல் படிக்கு வந்தாள். எல்லோருக்கும் எதிரே அண்ணாந்து குடித்தாள். பாதிச் சொம்பு. நிறுத்தி மூச்சு வாங்கினாள். மீதியை என்னிடம் நீட்டினாள்.

"விடுடி."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். மழை நிற்கவில்லை, ஆனாலும் மடக்கினார். பிறகு அருகில் கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு, வேஷ்டியை மடித்துக் கட்டி, தண்ணீருக்குள் இறங்கினார்.

"நீ முதல்ல விடு, ஜானு. நான் ரெண்டாவது."

அரைச் சொம்பு குடிதண்ணீர் தொட்டியின் அடியில் போய் விழும் சத்தம் கேட்டது. பிறகு அப்பாவின் வாளி. பிறகு மேஸ்திரி, மூப்பனின் ஆட்கள், நான். மூப்பன் ஒரு மூங்கிலின் மேல் உட்கார்ந்து, "இடத்தோட்டு... இனி வலத்தோட்டு..." என்று சொல்லச் சொல்ல, தொட்டி ஆடி, சேற்றைக் குமிழ் குமிழாகக் கக்கி, அங்குலம் அங்குலமாக இறங்கியது. விளக்கு வைப்பதற்குள் பன்னிரண்டு அங்குலம் இறங்கி நின்றுவிட்டது.

"மதி" என்றார் மூப்பன். "இனி கெடந்நோளும்."

போதும், இனி அது பாட்டுக்குக் கிடக்கும். மேஸ்திரி முதல் நாளே சொன்ன அதே வார்த்தை. அவர் பக்கம் நான் திரும்பவில்லை. அவர் என் பக்கம் திரும்பியிருந்தார் என்று தெரியும்.

நிலவரம்

தொட்டி வரைபடத்தைவிட மூன்று அங்குலம் மேலே நிற்கிறது. குழாய்க்குச் சரிவு கிடைக்க வேண்டி, கக்கூஸ் தரையை உடைத்து உயர்த்தினோம். அதனால் ஒரு படி கூடியது. அம்மா பிடித்து ஏற, படியருகே சுவரில் ஒரு மரப்பிடி வைத்திருக்கிறோம். மரப்பிடி இடப்பக்கப் பத்தி. அப்பா வைத்தார், ஒரு முறை கையோடு வந்தது, இப்போது மேஸ்திரி வைத்தது இருக்கிறது.

ஆவணி ஒன்றாந்தேதி சாஸ்திரிகள் வந்தார். ஆடியிலேயே ஆரம்பித்துவிட்டதைச் சொன்னோம். அவர் மேல்துண்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தாம் அதை உபயோகிக்கலாமா என்று கேட்டார். காட்டினோம்.

நான் இப்போது ஓர் அரசாங்க அலுவலகத்தில் படம் வரைகிறேன். பூமிக்கடியில் போகும் எந்த வேலையையும் வலப்பக்கத்தில் எழுதுகிறேன். காலியாக நிற்கும் எந்தத் தொட்டிக்கும் பக்கத்தில் 'மழைக்கு முன் நிரப்புக' என்று சிவப்பு மையில் எழுதுகிறேன். காரணம் கேட்பவர்களுக்குக் கப்பல் கணக்கு என்று சொல்கிறேன்.

தொட்டி அதற்குப் பிறகு எழும்பவில்லை. அம்மா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிறாள்.